தண்ணீர் கூலரும் கல்யாண லைட்டும்

1. எட்டு பத்தாது, இன்னும் எட்டு

எங்கள் மெயின்டனன்ஸ் கம்பெனியின் மலையாளி மேனேஜர் வர்கீஸ் சார் ஸ்டோர் பக்கம் எட்டிப் பார்க்கவே மாட்டார். அன்று காலை கையில் டீக் கோப்பையோடு ஸ்டோருக்கே வந்துவிட்டார். ஏதோ ஒரு வில்லாவில் தலைபோகிற காரியம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

“கருப்பையா, அபு சயீத் வீட்டில கள்ளன் கேறிட்டான். எட்டு ஃப்ளட் லைட் எடுத்துக்கோ. வேகம் போ.”

“அங்க ஏற்கெனவே எட்டு லைட் எரியுதே சார்?”

“எரிஞ்சா எரியட்டும். அர்பாப் எட்டு சொன்னா எட்டு, எண்பது சொன்னா எண்பது. மனசிலாயோ?”

மனசிலாயிற்று. அர்பாப் என்றால் அங்கே முதலாளி. வேனில் லைட், கேபிள், ஏணி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

இது இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் ஷார்ஜாவில் நடந்தது. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து எலக்ட்ரீஷியனாகப் போன நான் அப்போது ஃபோர்மேன். இப்போது இந்த வேலைக்கு வரும் தம்பிகள், கேமராவை எந்த மூலையில் மாட்டுவது, எந்தக் கம்பெனி சென்சார் நல்லது என்றெல்லாம் என்னிடம் கேட்கிறார்கள். நல்ல கேள்விகள்தான். ஆனால் அதெல்லாம் அபூர்வமாக இருந்த காலத்தில் ஒரு வீட்டின் காவல் எங்கே ஓட்டையாகிறது என்பதை நான் அபு சயீத் வீட்டில் கற்றுக்கொண்டேன். அதனால் அந்த வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

அபு சயீத் அந்த ஊர்க்காரர், அறுபதைத் தாண்டியவர், நல்ல மனுஷர், ஆனால் சட்டென்று கோபம் வரும். பெரிய வில்லா. நடுவில் வீடு, முன்பக்கம் கேட்டை ஒட்டி விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸ். பின்பக்கம் தனியாகச் சமையல்கட்டு, அதோடு ஒட்டினாற்போல வேலைக்காரப் பெண்ணின் ரூம். பின்சுவருக்கு வெளியே ஒரு குறுகலான சந்து. வீட்டுப் பெண்களை வெளி ஆட்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் சுற்றுச்சுவரை இரண்டு ஆள் உயரத்துக்கு எழுப்பியிருந்தார்கள்.

சுவரின் மேல் வரிசையாக எட்டு ஹாலஜன் ஃப்ளட் லைட், எல்லாம் வீட்டைப் பார்த்து இருந்தன. மூத்த மகன் கல்யாணத்துக்காக வேறு யாரோ போட்டது. கல்யாணத்தில் வீடு ஜொலிக்க வேண்டுமல்லவா? கல்யாணம் முடிந்ததும், காவலுக்கு ஆகட்டும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இந்தத் தவறை அந்த ஊரில் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டு அலங்காரத்தை வாட்ச்மேன் வேலைக்கு நிறுத்திவிடுவார்கள்.

2. திறந்து கிடந்த பின்கதவு

வீட்டு டிரைவர் குல்கான் பெஷாவர்க்காரர், எனக்குப் பழக்கமானவர். அவர்தான் நடந்ததைச் சொன்னார். முந்தின நாள் விடிகாலைத் தொழுகைக்கு முன்னால் வீட்டு மருமகள் எழுந்து மாடியிலிருந்து இறங்கியிருக்கிறாள். சமையல்கட்டு வாசலில் ஒரு ஆண்பிள்ளை நிற்பதைப் பார்த்து அலறியிருக்கிறாள். வீடே எழுந்து ஓடிவருவதற்குள் ஆள் மாயம். சமையல்கட்டு வாசலில் ஒற்றைச் செருப்பு கிடந்திருக்கிறது. சந்துக்குப் போகும் சின்னப் பின்கதவு திறந்து கிடந்திருக்கிறது. களவு ஒன்றும் போகவில்லை.

“தர்வாஸா அந்தர் ஸே குலா தா, பாய்,” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார் குல்கான். கதவு உள்ளேயிருந்து திறக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர் சொன்ன விதத்திலேயே மீதி புரிந்தது. பின்பக்கத்தில் படுப்பது ஒரே ஒருத்திதான். பெயர் மலர், இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம். பொருள் போகவில்லை, பூட்டு உடையவில்லை என்றால் வந்தவன் திருடன் இல்லை, இவள் கூப்பிட்டு வந்தவன் என்று வீட்டுக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். போலீசுக்குப் போனால் அவளுக்கு ஜெயில்தான். அர்பாப் இரக்கப்பட்டு, ஊருக்கு டிக்கெட் போட்டு அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நான் பின்பக்கம் கேபிள் இழுக்கப் போனபோது அந்தப் பெண் சமையல்கட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டது.

“நீங்க தமிழோ அண்ணன்?”

“ஆமா தங்கச்சி.”

“நான் ஒருத்தனையும் உள்ளுக்கு விடல்ல அண்ணன். என்ட ரெண்டு புள்ளையள் மேல சத்தியமா விடல்ல.”

கேபிளைக் கீழே வைத்தேன். “எப்ப அனுப்புறாங்களாம்?” என்றேன்.

“ஞாயிற்றுக்கிழமை. போறது பெரிசில்ல அண்ணன். இந்தப் பேரோட எப்பிடிப் போற? நான் ஊருக்குப் போய்ச் சேர முந்தி என்ட பேர் போய்ச் சேந்திரும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது அவளுக்கு. பிறகு ஒன்று சொன்னாள். “அண்டைக்கு ராவு ஏசிப் பெட்டியில டங் எண்டு ஒரு சத்தம் கேட்டிச்சு. பூனை பாயிது எண்டு நினைச்சுப் படுத்துட்டன். அதைச் சொன்னதுக்கு, கதை கட்டுறாய் எண்டு மேடம் ஏசிட்டா.” அர்பாபின் மனைவியைத்தான் மேடம் என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் மேல் இல்லை. ஒரு மனுஷியின் பிழைப்பும் பேரும் போகப் போகிறது, நான் எட்டு லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறேனே என்றுதான். அவளுடைய ரூம் ஜன்னலுக்குக் கீழே நின்ற ஏசியின் வெளிப்பெட்டியைப் போய்ப் பார்த்தேன். மேல்தகடு நடுவில் குழிந்திருந்தது. பூனை குதித்து அப்படிக் குழியாது. பூனை என்ன, ஆடு குதித்தாலும் குழியாது.

3. லைட்டை அணைத்தபோது தெரிந்தது

லைட் வேலையில் ஒரு பழக்கம் எனக்கு உண்டு. புது லைட் மாட்டும் முன்னால் பழைய லைட்டை எரியவிட்டு, வீட்டுக்காரர் எங்கே நின்று பார்ப்பாரோ அங்கே நின்று பார்ப்பேன். மக்ரிப் பாங்கு முடிந்து இருட்டியதும் குல்கானிடம் பின்சுவரோரமாக நடக்கச் சொல்லிவிட்டு, அர்பாபிடம் அனுமதி வாங்கி மாடி ஹால் ஜன்னலில் நின்றேன். எட்டு லைட்டும் என் கண்ணுக்குள் அடித்தன. சுவர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

“நடக்கிறீங்களா குல்கான் பாய்?” என்று போனில் கேட்டேன்.

“ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன்!”

அவரையே லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு மறுபடி நடக்கச் சொன்னேன். கண் கொஞ்சம் பழகியதும், தெருவிளக்கின் மிச்ச வெளிச்சத்தில், வெள்ளைச் சுவருக்கு முன்னால் குல்கானின் உருவம் தொப்பை உட்பட நன்றாகத் தெரிந்தது. விஷயம் இவ்வளவுதான். வெளிச்சம் வீட்டின் மேல் விழுந்தால் வீடு அழகாகத் தெரியும். திருடனுக்கும் நன்றாகத் தெரியும். வீட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கண் கூசும். லைட்டுக்கு நேர் கீழே, சுவரின் அடியில், ஒரு ஆள் தாராளமாக நடந்துபோகும் அளவுக்கு இருட்டு இருக்கும்.

ஆனால் இரண்டு ஆள் உயரச் சுவரை ஒருவன் எப்படித் தாண்டினான்? அதற்குப் பதில் தேடிப் பின்கதவு வழியாகச் சந்துக்குப் போனேன். அங்கே நின்றது தண்ணீர் கூலர்.

அந்த ஊரில் வில்லாச் சுவருக்கு வெளியே இப்படிக் குளிர்ந்த தண்ணீர் கூலர் வைப்பது பெரிய புண்ணியம். வெயிலில் வருகிற லேபர், டாக்ஸிக்காரர், யார் வேண்டுமானாலும் குடிக்கலாம், பாட்டிலில் பிடித்துப் போகலாம். கரண்டும் தண்ணீரும் வீட்டுக் கணக்கு. இறந்துபோனவர்களின் பெயரால் வைப்பார்கள். அபு சயீத் தன் தாயார் பெயரில் வைத்திருந்தார்.

நல்ல ஸ்டீல் கூலர், கீழே முழங்கால் உயரத்துக்கு டைல்ஸ் மேடை. குடிப்பவர்களுக்கு நிழலாக இருக்கட்டும் என்று மேலே இரும்பு ஃப்ரேம் போட்டுத் தகர ஷேடு, சுவரோடு சேர்த்து அடித்தது. மேடை, கூலர், ஷேடு என்று மாடிப்படி போல அமைந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். தகரம் ஒரு இடத்தில் அமுங்கியிருந்தது. அதற்கு மேல் வெள்ளைச் சுவரில் செருப்பு உரசிய கறுப்புத் தடம். சுவருக்கு அந்தப் பக்கம் நேர் கீழே மலர் ரூம் ஏசிப் பெட்டி. ஏற வெளியே ஒரு படி, இறங்க உள்ளே ஒரு படி. போகும்போது பின்கதவின் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து திறந்துகொண்டு போயிருக்கிறான். கதவு உள்ளேயிருந்து திறக்கப்பட்டது உண்மைதான். திறந்தது அந்தப் பெண் இல்லை.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் இதை அர்பாபிடம் யார் சொல்வது?

வர்கீஸ் சாருக்குப் போன் போட்டேன். “நீ லைட் போடப் போனியோ, சிஐடி வேலைக்குப் போனியோ?” என்று சத்தம் போட்டார். பிறகு குரலைத் தணித்து, “ஆ பெண்குட்டிக்கு மக்கள் உண்டோ?” என்று கேட்டார். ரெண்டு பிள்ளைகள் என்றேன். “எந்தா செய்யா… சொல்லு. பட்சே மெல்லச் சொல்லு.”

4. மஜ்லிஸில்

அர்பாப் மஜ்லிஸில் காவா என்னும் அரபிக் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். அவர் பேசுவது அரபியும் ஹிந்தியும் கலந்த பேச்சு, நான் பேசுவதும் அதைவிட மோசமான கலவை. இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

“லைட் முடிந்ததா?”

“அர்பாப், லைட் மாட்ட வேண்டாம்னு சொல்ல வந்தேன்.”

பிறகு மெல்ல மெல்லச் சொன்னேன். ஏசிப் பெட்டியைச் சொன்னேன், தாழ்ப்பாளைச் சொன்னேன், கடைசியில் கூலரைச் சொன்னேன். அவர் கையிலிருந்த சின்னக் கோப்பை அப்படியே நின்றது.

“என் தாயின் தண்ணீர் என் வீட்டுக்குள் திருடனைக் கொண்டுவந்தது என்கிறாயா?”

முகம் சிவந்துவிட்டது. வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். நானும் ஒரு தாய்க்குப் பிறந்தவன்தானே, அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் பின்கட்டில் ஒருத்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பதை நினைத்ததும் வாய் தானாகப் பேசியது.

“தண்ணி கொண்டுவரல அர்பாப். தண்ணி இருந்த இடம் இருட்டு.”

அவர் எழுந்துவிட்டார். “ஏறிக் காட்டு. நான் மாடி ஜன்னலில் நிற்கிறேன், எட்டு லைட்டும் எரியட்டும். உன்னை நான் பார்த்துவிட்டால் பேசாமல் லைட்டை மாட்டிவிட்டுப் போ. அந்தப் பெண்ணைப் பற்றி மறுபடி என்னிடம் பேசக் கூடாது.”

5. சோர்! சோர்!

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. சுவர் ஏறிக் குதிக்கும் உடம்பு இல்லை, கேம்ப் சாப்பாட்டில் வளர்ந்த தொப்பை வேறு. சந்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தேன். ஒரு தாயின் பெயரில் வைத்த கூலர், ஷூவோடு மிதிக்க மனசு வரவில்லை. மேடையில் ஏறி, கூலர் மேல் ஏறி, ஷேடைப் பிடித்து மூச்சு வாங்கச் சுவர் மேல் உட்கார்ந்தேன். எனக்கே இவ்வளவு சுலபம் என்றால் வாலிபப் பயலுக்குக் கேட்கவா வேண்டும்?

அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் கட்டடம் கட்டும் சைட்டிலிருந்து இரண்டு லேபர் பெரிய கேனோடு சந்துக்குள் வந்துவிட்டார்கள். சுவர் மேல் என்னைப் பார்த்ததும் கேனைக் கீழே போட்டார்கள்.

“சோர்! சோர்!” திருடன், திருடன் என்று ஹிந்தியில் கத்தினார்கள்.

அர்பாப் வீட்டுச் சுவரில் அர்பாப் உத்தரவின்பேரில் ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று எந்த மொழியில் சொல்வது? பயத்தில் உள்பக்கம் குதித்தேன். ஏசிப் பெட்டி டங் என்றது. சுவரோர இருட்டில் நடந்து சமையல்கட்டுக் கதவைத் தட்டினேன். மலர் கதவைத் திறந்து, வாயைப் பொத்திக்கொண்டு, “அந்தச் சத்தம்தான் அண்ணன்! அண்டைக்குக் கேட்டது அந்தச் சத்தம்தான்!” என்றாள்.

மாடியில் அர்பாப் ஜன்னலோடு ஒட்டி நின்று வெளியே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மூடி ஏசி ஓடியதால் அவருக்குச் சத்தமும் கேட்கவில்லை. முன்கேட்டை யாரோ உடைப்பது போலத் தட்டியபோதுதான் இறங்கி வந்தார். அங்கே அந்த இரண்டு லேபரும், அவர்கள் கூட்டி வந்த ஒரு டாக்ஸி டிரைவரும் வியர்த்து நின்றார்கள். “அர்பாப், உங்க வீட்டுக்குள்ள திருடன் குதிச்சுட்டான்! நாங்க பார்த்தோம்! வாங்க, பிடிச்சுத் தர்றோம்!” ஒருவன் கையில் கம்பி வேறு வைத்திருந்தான். நல்ல வேளை, அதற்குள் முன்பக்கம் வந்திருந்த நான் குல்கான் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

குல்கான் அவர்களுக்கு விஷயத்தை விளக்கினார். அர்பாப் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்கள் யார்? என் வீட்டைப் பற்றி உங்களுக்கு என்ன?”

கம்பி வைத்திருந்தவன், பங்களாதேஷ்காரன், கூச்சத்தோடு சொன்னான். “தினமும் உங்க தண்ணிதான் அர்பாப் குடிக்கிறோம்.”

அர்பாபின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எட்டு லைட் போட்டு மாடியில் நின்ற அவருக்குத் தெரியாத ஆளை, தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். பார்த்துவிட்டு நமக்கென்ன என்று போகவும் இல்லை. அவர் தாடியைத் தடவிக்கொண்டே, “என் அம்மா,” என்றார். தலைப்பாகைத் துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு என் பக்கம் திரும்பி அவரே சொன்னார். “கூலரை முன்னால் கொண்டுவா. கேட்டுக்குப் பக்கத்தில், ரோட்டைப் பார்த்து. அதற்கு மேல் நல்ல லைட் போடு. இரவெல்லாம் வந்து குடிக்கட்டும்.”

6. செய்த வேலை

நாலு பேருக்கு உபயோகப்படும் என்பதால் செய்ததைச் சொல்கிறேன். சுவர் மேலிருந்த எட்டு ஃப்ளட் லைட்டையும் கழற்றினோம். அதற்குப் பதிலாக வீட்டின் சன்ஷேடுக்கு அடியிலிருந்து சுவரைப் பார்த்து, கண்ணில் அடிக்காதபடி, சின்ன லைட் போட்டோம். வெள்ளைச் சுவர் முழுக்க மெல்லிசாக வெளிச்சம் விழுந்தால் போதும், அதற்கு முன்னால் எது அசைந்தாலும் ஜன்னலிலிருந்து தெரியும். ஜன்னல் பக்கம் வெளிச்சம் இல்லாததால் பெண்களை வெளியிலிருந்து யாரும் பார்க்கவும் முடியாது. மேடத்துக்கு அதில் ரொம்பத் திருப்தி.

ஏசிப் பெட்டியை ரூமின் கூரைக்கு ஏற்றினோம். பின்கதவுக்கு மேல் ஆள் வந்தால் எரியும் சென்சார் லைட், ரோலா கடைத்தெருவில் அலைந்து வாங்கியது. கூலரைச் சுவரை விட்டுத் தள்ளி, தனி ஷேடோடு முன்னால் வைத்தோம். முதல் ராத்திரியிலிருந்தே அங்கே ஆள் நடமாட்டம்தான். ரோட்டோரம் டாக்ஸிக்காரர்கள் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டே அரட்டை அடித்தார்கள். சம்பளம் இல்லாத வாட்ச்மேன்கள்.

திருடன் பிடிபட்டானா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. போலீஸ் வந்து சுவர்த் தடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வீட்டுக்கு மறுபடி யாரும் வரவில்லை.

7. மலர் கேட்டது

வேலை முடிந்த அன்று சாயங்காலம் அர்பாப் சமையல்கட்டு வாசலுக்கு வந்தார். அந்த வீட்டு ஆண்பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதே வழக்கமில்லை. பின்னால் மேடமும் வந்தார். மலர் எழுந்து நின்றாள். “ஸாமிஹீனி, யா பிந்த்தி,” என்றார் அர்பாப். என்னை மன்னித்துவிடு மகளே என்று அர்த்தம். மேடம் மலரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அர்பாப் என்னிடம், “அவளுக்கு என்ன வேண்டும் என்று கேள். எதுவானாலும் சொல்லச் சொல்,” என்றார்.

நான் சம்பளத்தைக் கூட்டிக் கேட்பாள், லீவு கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “என்ட ரூம் கதவுக்கு உள்ளுக்க ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தருவீங்களா அண்ணன்?” என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. போய்ப் பார்த்தேன். கதவுக்கு வெளியே பூட்டுப் போடக் கொண்டி இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. அத்தனை நாளும் வெறுமனே சாத்திய கதவுக்குப் பின்னால், பெட்டியை இழுத்து முட்டுக்கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். வந்தவன் கைவைத்திருந்தால் திறந்திருக்கும். இவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. இவள்தான் அவனை வரவழைத்தாள் என்று மட்டும் சொன்னார்கள்.

அர்பாப், “என்ன கேட்கிறாள்?” என்றார். சொன்னேன். அவர் ரூமுக்கு வெளியே நின்றபடியே கதவின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் தலை நிமிரவில்லை.

“ரெண்டு போடு,” என்றார். “மேலே ஒன்று, கீழே ஒன்று.”

வெளியே இருந்த கொண்டியை அவர் சொல்லாமலே கழற்றி எறிந்தேன். தாழ்ப்பாள் இரண்டையும் மாட்டி முடித்ததும், மலர் உள்ளே போய்க் கதவைச் சாத்தி இரண்டையும் போட்டுப் பார்த்தாள். திறந்தாள். மறுபடி போட்டாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அதற்குப் பிறகு எத்தனையோ வில்லாவுக்கு லைட்டும் கேமராவும் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் பிளானை விரித்து, இங்கே லைட், அங்கே லைட் என்று விரல் வைப்பார். நான் முதலில் ஒரு கேள்வி கேட்பேன். “சுவருக்கு ரொம்பப் பக்கத்தில் படுத்துத் தூங்குவது யார்?” முக்கால்வாசி வீடுகளில் அது வேலைக்காரப் பெண்ணாகத்தான் இருக்கும். அவள் ரூமைப் பார்த்துவிட்டுத்தான் ஏணியை இறக்குவேன். சில அர்பாப்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

அந்தத் தாழ்ப்பாள் போட்ட மறுநாள் காலை குல்கான் போன் பண்ணினார். “பாய், இன்னைக்கு யாருக்கும் டீ கிடைக்கல,” என்றார். மலர் நன்றாக விடிந்தும் எழுந்திருக்கவில்லையாம். பதறிப்போய்க் கதவைத் தட்டக் கிளம்பிய மேடத்தை அர்பாப் தடுத்து நிறுத்திவிட்டாராம். தூங்கட்டும், எழுப்பாதே என்று சொல்லிவிட்டு, தானே சமையல்கட்டுக்குப் போய் எல்லோருக்கும் டீ போட்டாராம்.

“எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

“வாயில வைக்க முடியல பாய்,” என்றார் குல்கான். “ஆனா எல்லாரும் குடிச்சோம்.”